'சம்' என்று கூப்பிட்டவன்

சுடச்சுட வறுத்த கடலையைக் கூம்பாகச் சுருட்டிய பழைய தாளில் கொட்டித் தந்தால், உப்பு வாசனையோடு அச்சு மையின் வாசனையும் சேர்ந்து வரும். நியாலாஸ் ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர்த் தோட்டத்துக்குச் சம்பள நாளில் வரும் கடலைக்காரர் தந்த அப்படியொரு தாளில்தான் நானும் சேகரும் அந்த ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடித்தோம். ஏதோ சித்திரக் கதையின் கிழிந்த பக்கம் அது. தோளில் கை போட்டு நடந்த இரண்டு பேரில் ஒருவன் மற்றவனை 'சம்' (chum) என்று கூப்பிட்டான்.

அந்த நேரத்தில் எங்களுக்கு ஒரு சொல் அவசரமாகத் தேவைப்பட்டது. சேகர், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான 'லயத்தில்' பக்கத்து வீட்டுப் பையன், என் வயது, என் வகுப்பு. வயது ஏற ஏற, பெண் பிள்ளை 'வாடா போடா' என்று பேசக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெயர் சொல்லியும் கூப்பிடக் கூடாதாம். அவன் அம்மா என் அப்பாவை 'அண்ணே' என்று அழைத்துவந்ததால் அவர் எனக்கு அத்தை, அவன் எனக்கு மச்சான். குழாயடியில் நின்ற பெண்களுக்கு இது போதாதா? "ஒன் மாப்புள தண்ணி எடுக்க வர்றாரு, தள்ளி நில்லு" என்பார்கள். அவன் வாளியைப் போட்டுவிட்டு ஓடுவான். சரி, 'அண்ணே' என்று கூப்பிட்டுத் தொலையட்டும் என்று அம்மா இறங்கி வந்தால், அத்தைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க அண்ணே மக எம்மவனுக்குத் தங்கச்சியா? ஊரு சிரிக்கும்லா."

கூப்பிட வழி இல்லாவிட்டால் பேசவும் வழி இல்லை. நாங்கள் விலகிப்போகவேண்டும் என்றுதான் எல்லாருமே எதிர்பார்த்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அவன் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் ரப்பர்க் காட்டுப் பாதை நீண்டுகொண்டே போகும் என்பதுதான்.

தாளை எடுத்துக்கொண்டு, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியிடம் போனோம். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "சிநேகிதரைச் செல்லமாக் கூப்பிடுறது. பொடியனையும் சொல்லலாம், பெட்டையையும் சொல்லலாம், பிழையில்லை" என்றார். எங்களுக்கு வேறென்ன வேண்டும்? அன்றிலிருந்து அவனுக்கு நான் சம், எனக்கு அவன் சம். வெள்ளைக்காரன் பேச்சில் மரியாதை இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாமல் அம்மா விட்டுவிட்டார்.

இடைநிலைப் பள்ளிக்குப் போன முதல் வருஷமே நான் பெரியவளானேன். சடங்கு வைத்தார்கள். முறைப்படி அத்தை தட்டுச் சீர் கொண்டுவந்தார். வந்தவர்கள் சேகர் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவன் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. இனி பேசமாட்டான் என்று நினைத்து, பட்டுப் பாவாடையில் உட்கார்ந்துகொண்டு நான் உள்ளுக்குள் அழுதேன்.

மறுபடி பள்ளிக்குப் போன அன்று பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. குனிந்த தலையோடு ஏறி உட்கார்ந்தேன். கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்த சேகர், அத்தனை பேர் காதிலும் விழும்படி, "சம், நீ வராதப்ப நெறைய கணக்கு போட்டுட்டாங்க. இந்தா, பார்த்து எழுதிக்க" என்று நோட்டை நீட்டினான். பஸ் கொல்லென்று சிரித்தது. அவன் காதெல்லாம் சிவந்துபோயிருந்தாலும் நகராமல் நின்றான். அந்த நிமிஷம் அவன்மேல் எனக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை.

பிறகு அவன் சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். நான் கல்யாணமாகிப் பாச்சாங்குக்கு வந்தேன். இரண்டு வீட்டுத் தீபாவளிப் பலகாரமும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. போன வருஷம் அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாசலில் நின்ற தாதிப் பெண் என்னைத் தடுத்தாள்.

"குடும்பத்து ஆளு மட்டுந்தான் ஆண்டி. நீங்க அவருக்கு என்ன வேணும்?"

விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. "தங்கச்சி" என்றேன். அவள் உள்ளே போய், "ஐயா, ஒங்க தங்கச்சி வந்திருக்காங்க" என்றாள். சேகர் கண்ணைத் திறக்காமலே, "எனக்குத் தங்கச்சி யாரும் இல்லையே" என்றான். பிறகு மெல்லத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "இது என் சம்லா. உள்ள விடும்மா." அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் அவன் வீடு திரும்பவில்லை.

எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை எண்ணெய் மரங்கள் நிற்கின்றன. என் மகள் கூடப் படிக்கும் பையன்களை 'புரோ' என்கிறாள். அவர்களும் அவளை அப்படியே கூப்பிடுகிறார்கள். என்ன முறை என்று யாரும் கேட்பதில்லை, எனக்கு அதில் சந்தோஷம்தான். சேகரின் மனைவி வாரம் தவறாமல் போன் செய்து, "சம் அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று விசாரிக்கிறாள். பாசமான பெண். 'அக்கா'வைச் சேர்க்காமல் கூப்பிடத்தான் இனி ஆளில்லை.