தினம் ஒரு பாராட்டு

பாயான் பாரு தொழிற்சாலையில் மயங்கி விழுந்த என் கணவர் ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். ஜெலுத்தோங்கிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போவேன். அன்பாகக் கவனிக்கும் ஊழியர்களுக்கு விருது கொடுப்பதற்காக அங்கே பாராட்டுப் படிவங்கள் வைத்திருந்தார்கள். நாள் தவறாமல் ஒன்று எழுதிப் பெட்டியில் போட்டேன். நன்றியால் அல்ல. புகழ்ந்தால் இன்னும் நன்றாகப் பார்த்து அவரைப் பிழைக்க வைத்துவிடுவார்கள் என்ற நப்பாசை.

ஆறாம் நாள் காலை, சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது என்றார் டாக்டர். உடனே நான்கு படிவங்களை எடுத்து எழுதத் தொடங்கினேன். அதைப் பார்த்த தமிழ் நர்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, நீங்க எழுதலேனாலும் நாங்க இப்படித்தான் பாப்போம்லா. காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?”

வெட்கத்தில் குறுகிப்போய் அழுதேன்.

ஒன்பதாம் நாள் டாக்டர் கையை விரித்துவிட்டார். மலாய்க்கார உதவியாளர் கட்டிலைத் தாழ்த்த, சீன நர்ஸ் குழாய்களை ஒதுக்கி நான் என் கணவரருகே படுக்க இடம் செய்தாள். அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். மானிட்டரை எப்போது அணைத்தார்களோ, எனக்குத் தெரியாது.