காலால் தள்ளிய டின்

சுதந்திரம் வந்த புதிது. காலை ஏழே காலுக்கு எங்கள் பேட்டையான மண்டி மொஹல்லாவின் கடையில் சீமெண்ணெய் தீரப்போகிறது என்று யாரோ கத்த, வரிசை கலைந்தது. எனக்கு முன்னால், தண்ணீர் பிடிக்கப் போயிருந்த பக்கத்து வீட்டு ரங்கம்மா இடம் பிடித்து வைத்த டின் இருந்தது. அவள் மகள் வேதாதான் வகுப்பில் எப்போதும் முதல். என் பத்மா இரண்டாவது. எனக்கு வயிறு எரியும். மறுநாள் பரீட்சை. டின்னைக் காலால் தள்ளினேன். அது உருண்ட சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

"அது ரங்கம்மாவோடதும்மா" என்றார் பின்னால் நின்றவர்.

"ஆள் இல்லாத டின்னுக்கு என்ன வரிசை? உம்ம வேலையைப் பாரும்!"

எனக்கு ஊற்றியதோடு எண்ணெய் தீர்ந்தது.

மாலையில் விளக்கேற்றியதும் வேதா புத்தகங்களோடு வந்து நின்றாள்.

"எங்காத்துல எண்ணெய் இல்லை மாமி. இங்கே உக்காந்து படிக்கட்டுமா? பத்மாவுக்கு வராத கணக்கெல்லாம் சொல்லித் தரேன்."