செல்லோடேப் ஒட்டிய கேசட்

என் அப்பா டி.வி. ரிப்பேர் செய்பவர். மந்தைவெளியில் எங்கள் வீட்டின் முன்னறையே அவருடைய கடை. யாரோ பழுது பார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத, வீடியோ கேசட் போட்டுப் பார்க்கும் ஒரு டெக், எங்கள் வீட்டுச் சொத்தாகவே ஆகிவிட்டிருந்தது. அதனால் தெருவில் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாத சில தந்திரங்கள் ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரியும். தெரியாமலே இருந்திருக்கலாம்.

அந்த வருஷம்தான் அத்தை, அப்பாவின் தங்கை, சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த புருஷன் வீட்டை விட்டு ஒரே ஒரு பையோடு எங்களிடம் வந்து சேர்ந்தாள். மாமாவோடு சண்டை என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். அத்தையின் இடது முழங்கை முழுசாக நீளாது. கேட்டால் படியில் விழுந்துவிட்டதாகச் சொல்வாள். எனக்குத் தலை பின்னுவது, நகம் வெட்டுவது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவள் வேலையாயிற்று. எனக்கு ஏக சந்தோஷம். அம்மாவுக்கு அவ்வளவு இல்லை.

அடையாறில் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் ஆயா வேலைக்கு ஆள் தேடினார்கள். தங்க அறையும் சாப்பாடும் அங்கேயே. ஆனால் பிள்ளைகளிடம் சாமான்களின் பெயரை இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும். அதை நடத்திய டீச்சரம்மா தன் கேசட் ஒன்றைக் கொடுத்து, பதினைந்து நாளில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தால் வேலை உண்டு என்று அத்தையை அனுப்பினார்.

கேசட்டில் ஒரு கார்ட்டூன் கரடிக்குட்டி. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் அதற்கு ஒரு கால் சாக்ஸைக் காணவில்லை. வீட்டையே தலைகீழாக்கித் தேடும். அது எதைத் தள்ளிவிட்டாலும் ஒரு குரல் அதன் பெயரைச் சொல்லும். பக்கெட், சோப், டவல் என்று வந்தபோது அத்தை கைதட்டினாள்.

“அடியே, இத்தினி நாளா நான் இங்கிலீஷ்தான் பேசிக்கினு கீறேனா!”

பில்லோ, லேடர், டிராயர் எல்லாம்தான் அவளைப் படுத்தின. மேஜைக்கு அடியிலிருந்து எழும்போது கரடி முழங்கையை இடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதிக்கும். குரல் ‘எல்போ’ என்னும். அத்தையும் தன் இடது முழங்கையைத் தொட்டு ‘எல்போ’ என்பாள். அந்த இடத்தில் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன், அவள் சிரிக்க மாட்டாள்.

நான்தான் பரீட்சை வைப்பேன். தப்புச் சொன்னால் ஸ்கேலால் கையில் ஒரு தட்டு. பத்தாம் நாள் ஒரு தட்டுக்கூட வாங்காமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவள் நிஜமாகவே போய்விடப் போகிறாள் என்று.

படம் பதிந்தே விற்கும் கேசட்டில் வேறெதையும் பதிய முடியாது. அதன் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் விட்டிருப்பார்கள். அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோடேப் ஒட்டிவிட்டால் பதியும். அப்பா செய்து பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை டி.வி.யில் சினிமாப் பாட்டு வரும் நேரத்தில் அத்தையும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஒட்டினேன், டெக்கில் போட்டுப் பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். கேசட் பாழானால் டீச்சரம்மாவுக்குக் கோபம் வரும், வேலை கிடைக்காது, அத்தை எங்களோடேயே இருப்பாள். அரைமணி நேரத்தில் கரடி போய்விட்டது.

மறுநாள் கரடி வரவேண்டிய இடத்தில் சினிமாப் பாட்டுக்கு ஜோடியாக ஆடினார்கள். அப்பா கேசட்டை வெளியே எடுத்தார், செல்லோடேப்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

“நான்தான்ணா ஒட்டினேன். பாட்டு கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு.”

“அறிவுன்றது கீதா இல்லியா உனக்கு? இனிமே அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

அவரே போய் மன்னிப்புக் கேட்டுக் கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். வேலைக்கு வேறொருத்தியை எடுத்துக்கொண்டார்கள். அத்தைக்கு அதில் அக்கறையே இல்லை என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். மாமா ஒரு கிலோ ஜாங்கிரியோடு வந்து நின்றபோது, அனுசரித்துப் போ என்று அவளை அனுப்பியும் வைத்தார். நான் அழுதேன். அத்தை குனிந்து என் காதில், “கேசட்டு சமாசாரத்தை அப்பாகிட்ட சொல்லிக்காத, இன்னா?” என்றாள். சிந்தாதிரிப்பேட்டை ஒரு பஸ் தூரம்தானே என்று நானும் சமாதானமானேன்.

அவளுக்குப் போக அடையாறு, சிந்தாதிரிப்பேட்டை என்று இரண்டே இடம்தான் இருந்தது. எங்கள் வீடு அதில் சேர்த்தி இல்லை. இது புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று, புரிந்த நாளிலிருந்து அந்தச் சிவப்புப் பொத்தான் என்னை விட்டபாடில்லை.

பொங்கலுக்கு ஒரு நாள் மட்டும் வந்தாள். நான் ஆசையாகப் பரீட்சை வைத்தேன். பில்லோ, லேடர், டிராயர் எல்லாம் சரியாகச் சொன்னாள். முழங்கைக்கு என்ன என்றேன். இடது கையால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இடது கையைத் தொட்டுக் காட்டவேண்டிய வலது கை, புடவைத் தலைப்புக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஸ்கேலை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன்.