படத்தில் இல்லாத மாயக் கண்ணாடி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதப் போவதில்லை. எனக்குப் பெருமை தராததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சினிமாப் பாட்டுப் புத்தகத்தின் மை வாசனை ஞாபகமிருக்கிறதா உங்களுக்கு? ரோஸ் நிறத் தாள்... வியர்த்த விரலில் சிவப்பு ஒட்டிக்கொள்ளும். முன்னால் கொஞ்சம் கதை, பிறகு பாட்டுகள். கதையைப் பாதியில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டிருப்பார்கள்.

எழுபதுகளின் நடுவில், மீனாட்சிபுரத்தில் நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு மதியம் எங்கள் தோட்டத்துச் சாளையில், அந்தக் கூரைக் கொட்டகைக்குள், கடலைக்காய் மூட்டைகளுக்கு நடுவே மூன்று பேர் கூடுவோம். நான், சித்தி மகள் சரோஜா, பக்கத்துத் தோட்டத்துத் தங்கமணி. தங்கமணி எங்களைவிட ஒரு வயது சின்னவள்.

விளையாட்டு நாங்களே உண்டாக்கியது. சரோஜா திருடி. தங்கமணி இளவரசி. நான் கதை சொல்பவள். "குகை வாசல்ல பூதம் நிக்குது. என்ன பண்றீங்க?" என்று கேட்பேன். அவர்கள் ஏதாவது சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதைத் தாயக்கட்டையை உருட்டிப் பார்ப்போம்.

மாயப் பொருள்களை மட்டும் சினிமாவிலிருந்து எடுத்தோம். பறக்கும் பாய், ஆளை மறைக்கும் தொப்பி... அப்படியே எடுத்தால் விளையாட்டு செத்துவிடும் என்று இரண்டாவது வாரமே தெரிந்துபோனது. பாய் நினைத்தபடி பறந்தால் பூதத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள், கதை முடிந்தது! அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறை வைத்து நோட்டில் எழுதினேன். பாய், தாயம் விழுந்தால்தான் எழும்பும், நனைந்தால் எழும்பாது. தொப்பி ஆளை மறைக்கும், நிழலை மறைக்காது.

நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு சட்டம் இருந்தது. 'படத்தில் கண்ணால் பார்த்த பொருளுக்கே இடம்.' பொய் புகுந்தால் எல்லாம் பாழ் என்று உறுதியாக நம்பினேன்.

தங்கமணியை வீட்டில் சினிமாவுக்கு விடமாட்டார்கள். ஒரு லீவில் பொள்ளாச்சி மாமன் வீட்டுக்குப் போனவள் பாட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தாள்.

"படம் பாத்துட்டே வந்துட்டேனுங்க்கா. அட்டையில பாருங்க, இளவரசி கையில வட்டமா வெச்சிருக்கறாளே, அது மாயக் கண்ணாடிங்க. யாரை நெனைக்கறமோ அவங்க அதுல தெரிவாங்க."

"குறை?"

"பேச முடியாதுங்க. பாக்க மட்டுந்தான்."

குறையை அவளே யோசித்து வந்தது எனக்குப் பிடித்துவிட்டது. எழுதிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு கண்ணாடியை எடுத்தவள் பூதத்தைப் பார்க்கவில்லை. "என்ற அக்காவப் பாக்கறேனுங்க" என்றாள்.

அவள் அக்காவைக் கேரள மலையில் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏதோ சண்டையில் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுவிட்டது. கடிதம்கூட இல்லை. வீட்டில் அக்கா பேரை எடுக்கக் கூடாது.

கதை சொல்பவள் நான்தானே... "குளிருக்குத் தலையில துண்டு கட்டிட்டு ஏலக்காய் பறிச்சுட்டு இருக்கறாங்க" என்றேன். நான் சாந்தன்பாறையைப் பார்த்ததே இல்லை. தங்கமணி தலையாட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் கட்டையை உருட்டினாள். பிறகு எல்லா ஞாயிறும் அப்படியே.

இப்போது என் தம்பி மகள் கோயமுத்தூரில் சிநேகிதிகளோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து இதே மாதிரி ஒன்று விளையாடுகிறாள். இருபது முகமுள்ள பகடை, தடித்தடியாக விதிப் புத்தகங்கள். சினிமாவில் வரும் மோதிரத்தையும் மந்திரக்கோலையும் எடுத்து, என்ன செய்யும், எத்தனை தடவை செய்யும் என்று சின்ன அட்டைகளில் எழுதுகிறாள். கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை சார்ஜ் அத்தை?"

"வாரத்துக்கு ஒண்ணு."

"ரொம்ப வீக் ஐட்டம். யாருமே எடுக்க மாட்டாங்க."

தங்கமணி வேறு எதையுமே எடுத்ததில்லை. எங்களுக்கு விதிப் புத்தகமும் கிடையாது... அந்த ஒரு நோட்டுதான்.

மாதங்கள் கழித்து அந்தப் படம் எங்கள் டெண்டுக் கொட்டகைக்கு வந்தது. "பாத்த படந்தானுங்களே, நா வல்லீங்க்கா" என்று தங்கமணி நழுவினாள். நான் விடவில்லை. அம்மாவைப் பேச வைத்து அவள் வீட்டில் அனுமதி வாங்கினேன். நல்லது செய்கிறோம் என்ற எண்ணம் வேறு.

இடைவேளைக்குச் சற்று முன் இளவரசி வந்தாள். அட்டையில் இருந்த அதே உடை, கையில் அதே வட்டம். உயரத் தூக்கி... தட்டினாள்.

கஞ்சிரா! ஒரு முழுப் பாட்டுக்கும் அதைத் தட்டித் தட்டி ஆடினாள்.

விளக்கு போட்டதும் சரோஜா மணலில் புரண்டு சிரித்தாள். "ஏ தங்கமணி, கண்ணாடிய என்னமாத் தட்டறா பாரு! உங்கக்காவுக்கு மண்டையே வலிச்சிருக்கும்!" பிறகு என்னிடம் திரும்பினாள். "நோட்டு கொண்டாந்திருக்கீல்ல? கண்ணாடிப் பேர அடிச்சுடு. நீ போட்ட சட்டந்தான்."

"நா படம் பாக்கலீங்க்கா" என்றாள் தங்கமணி, மணலைப் பார்த்தபடி. "மாமன் ஊட்டுல பொஸ்தகம் மட்டுந்தான் குடுத்தாங்க. மீதிய நானா வெச்சுட்டேன். இனி என்னைய சேத்துக்க மாட்டீங்களா?"

நோட்டைத் திறந்தேன். பென்சில் கையில் இருந்தது. கண்ணாடி என்ற தலைப்புக்குக் கீழே வாரா வாரம் நான் எழுதியவை. துண்டு கட்டியிருக்கிறாள். அடுப்பு ஊதுகிறாள். யாரோடோ சிரிக்கிறாள். இதில் ஒன்றையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. தங்கமணியாவது ஒரு பொருளைத்தான் கற்பனை செய்தாள். நான் ஓர் ஆளின் நாட்களையே கற்பனை செய்திருந்தேன்.

முதல் பக்கத்துக்குப் போய்ச் சட்டத்தை அடித்தேன்.

"அப்ப யார் வேணா என்ன வேணா சொல்லலாமாடி?" சரோஜா முறைத்தாள். "அப்பச் செரி, கஞ்சிராவையும் எழுது. தட்டுனா பூதம் ஆடோணும்."

"எழுதறேன். குறை?"

தங்கமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "தட்டறவளும் நிறுத்த முடியாம கூடவே ஆடோணுங்க."

திருடியும் பூதமும் சேர்ந்து ஆடுவதை நினைத்துச் சரோஜாவே சிரித்துவிட்டாள். நான் வேகவேகமாக எழுத ஆரம்பித்தேன். இரண்டு சொல் எழுதுவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.