வெள்ளிக்கிழமை விருந்தாளி

ஜேடர்பாளையம் தடுப்பணைக்கு ஞாயித்துக்கிழமை வர்ற கூட்டம், ஆத்துல குளிச்சு ஏறினதும் மீன் வறுவலைத் தேடி ஓடும். அதுல கொஞ்சம் பேர் எங்க கடைக்கும் வந்து நிப்பாங்க. எங்க கடையில நத்தை வறுவல். "மூலத்துக்கு நல்லதாமே?"ன்னு காதோட காதா கேக்கறவங்களும் உண்டு. "நாக்குக்கும் நல்லதுதான், உக்காருங்க"ம்பேன்.

நாங்க நத்தையை வயக்காட்டுல பொறுக்கறதில்ல. வீட்டுக்குப் பின்னால சிமெண்டுத் தொட்டி கட்டி வளர்க்கறோம். பப்பாளித் தழை, கீரைத் தண்டு எது போட்டாலும் சத்தமில்லாம தின்னுட்டுக் கெடக்கும். வறுக்கறதுக்கு ரெண்டு நாள் முந்தி அண்டாவுல நல்ல தண்ணி ஊத்தி அதுல விட்டுரணும். தீனி கெடையாது. வயித்துல இருக்கற மண்ணையெல்லாம் கக்கிரும். அப்புறம் வேக வெச்சு, ஊக்குல சதையை இழுத்து, கொழகொழப்புப் போக உப்பும் மஞ்சளும் போட்டுத் தேச்சுக் கழுவி, சின்ன வெங்காயமும் மொளகும் தாராளமாப் போட்டு வறுத்தா, அடடா! கோழியெல்லாம் அப்புறந்தான்.

எங்கப்பாவுக்கு மட்டும் இது ஆகாது. சேலம் டவுன்ல பொறந்து வளர்ந்தவர். "போயும் போயும் நத்தை வளர்க்கற வீடா?"ன்னு மொகத்தைச் சுளிச்சவர், என் பிடிவாதத்துக்காகத்தான் கட்டிக் குடுத்தார். என்னைப் பாக்க வராம இருக்க மாட்டார். ஆனா வெள்ளிக்கிழமை பாத்துத்தான் வருவார். ரெண்டு வீடும் கத்தோலிக்கக் குடும்பம், வெள்ளிக்கிழமை கவுச்சி தொட மாட்டோம். அவர் அதுக்கும் ஒரு படி மேல. "இன்னைக்கு ஒருசந்திம்மா. ஒரு வேளைதான் சாப்பாடு, அதையும் வீட்டுலயே முடிச்சாச்சு"ம்பார். ஒரு டம்ளர் மோரோட பஸ் ஏறிருவார். ஆண்டவர் பேரைச் சொல்லித் தப்பிக்கறவரை நான் என்னன்னு கேக்கறது? பெத்த மக வீட்டுல அப்பா கை நனைக்கலைன்னா எப்படி இருக்கும்? எனக்கு ஆத்திரமும் வரும், அழுகையும் வரும்.

போன தவக்காலத்துல ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். சாயங்காலம் நாங்க சிலுவைப்பாதைக்குக் கெளம்பினோம். முட்டி வலின்னு அவர் வீட்டுலயே இருந்துட்டார். நான் கெளம்பற அவசரத்துல, ஞாயித்துக்கிழமை வறுவலுக்காக நத்தை விட்டு கூடத்துல வெச்சிருந்த அண்டாவை மூங்கில் தட்டு போட்டு மூடிட்டு, மேல கல்லு வெக்க மறந்துட்டேன். கல்லு இல்லைன்னா அதுகளுக்குக் கொண்டாட்டம், தட்டை நெம்பிக்கிட்டு வெளிய வந்துரும். கோயில்ல சிலுவைப்பாதையோட பதினாலு ஸ்தலத்துல பாதி முடிஞ்சப்புறம்தான் நெனப்பு வந்துச்சு. ஆண்டவரே, அப்பா தனியா இருக்காரே!

திரும்பி வந்து பாத்தா, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு அண்டா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருக்கார். தட்டு மேல ஒரு கையை ஊனியிருக்கார். சொவத்துல பளபளன்னு கோடு கோடா தடம்.

"ஒண்ணு திரு இருதயப் படம் வரைக்கும் ஏறிருச்சு. எல்லாத்தையும் பொறுக்கிப் போட்டுட்டேன்"ன்னார். மொகத்துல கோவத்தைக் காணோம். "ஏம்மா, தண்ணியில ஒரு தழைகூட இல்லையே, அதுகளுக்குப் பசிக்காதா?"

எங்க மாமியார் விடுவாங்களா? "ரெண்டு நாளைக்கு ஒண்ணும் குடுக்க மாட்டோமுங்ணா. அதுகளும் உங்களாட்டம் ஒருசந்திதானுங்க."

அப்பா சிரிச்சார் பாருங்க, இருமல் வர்ற வரைக்கும்! எங்க வீட்டுல அவர் அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. ஆனாலும் மோரைக் குடிச்சுட்டுத்தான் பஸ் ஏறினார்.

ஈஸ்டர் முடிஞ்ச மறு ஞாயிறு. கடையில அடுப்புப் பத்த வெச்சுட்டிருக்கேன், எதுக்க அப்பா வந்து நிக்கறார்.

"என்னப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை!"

"எனக்குக் கிழமை தெரியாதா? எலையைப் போடு."

சோத்தோட நத்தை வறுவலைப் பெசஞ்சு வாயில வெச்சார். மெதுவா மென்னார். என் வீட்டுக்காரர் கரண்டியும் கையுமா அசையாம நின்னார்.

"மொளகு கொஞ்சம் தூக்கல்"ன்னார் அப்பா.

"கொறை சொல்றதுக்காவது சாப்பிட்டீங்களே!"ன்னேன்.

அவர் எலையைப் பாத்துக்கிட்டே, "கொறையைச் சரியாச் சொல்லணும்னா இன்னொரு கரண்டி வேணும்"ன்னார்.