ஆனந்தபாய் ஒரே காலையில் எடுத்த இரண்டு படங்கள்

பிணத்தை நடுவீட்டில் போட்டுவிட்டு ரயிலுக்குப் பின்னால் ஓடினாள் என்றுதானே சொல்கிறார்கள்? சொல்கிறவர்களில் ஒருத்தராவது ராஜதாஸ் வீட்டு முன்னறைச் சுவரில் தொங்குகிற படத்தை ஏறிட்டுப் பார்த்ததுண்டா? பெட்டியைச் சுற்றி முப்பத்தேழு தலை. ஒரு கண் மூடியிருக்கிறதா? ஒரு குழந்தையின் முகம் மறைந்திருக்கிறதா? பூவுக்கு நடுவில் கிடக்கிற செத்தவருடைய முகம்கூட, கூப்பிட்டால் எழுந்து பதில் சொல்லிவிடுவார் போலத் தெளிவாக இருக்கிறது. அந்தப் படத்தை எடுத்தது யார்? ரயிலுக்குப் பின்னால் ஓடினாளே, அவள்தான். படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிக்கொள்வார்களாம், எடுத்தவளை மட்டும் வாயில் போட்டு மெல்லுவார்களாம். நல்ல நியாயம்.

ஆனந்தபாயை அறியாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. உதியன்குளங்கரை ஜங்ஷனில் பேக்கரிக்கு மேலே, படியேறினால் அவளுடைய ஸ்டூடியோ. இருபத்திரண்டு வருஷமாகப் பனச்சமூடு முதல் நெய்யாற்றின்கரை வரைக்கும் ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவள்தான் படம். வயது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனுவச்சபுரத்தில் அண்ணன் ஜெயதாஸ் வீட்டில் பின்னறையில் இருந்தாள். இருந்தாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, அது கடைசியில் வரும்.

அவளுக்கு ஒரு கைவாகு இருந்தது. நம்முடைய சபைக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு, பெண்ணுக்கு வெள்ளைச் சேலை. இரண்டும் ஒட்டி நிற்கும்போது கேமராவுக்குக் கிறுக்குப் பிடிக்கும். கோட்டில் மடிப்பு தெரிந்தால் சேலை வெறும் சுண்ணாம்புச் சுவராகிவிடும். சேலையில் சரிகை தெரிந்தால் மாப்பிள்ளை கிணறு மாதிரி இருண்டு போவான். ஆனந்தபாய் எடுத்தால் கோட்டில் பொத்தானை எண்ணலாம், சேலையில் பூவை எண்ணலாம். அதற்காகவே பாலராமபுரத்திலிருந்துகூட ஆள் வந்து தேதி கேட்டுப் போவார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆல்பம் வாங்க நாகர்கோவில் போனவள், அங்கே ஸ்டேஷனில் கூட்டத்தைப் பார்த்து நின்றாள். ரயில்வேக்காரர்கள் உடைக்காமல் பாதுகாத்து வைத்திருந்த ஒரு பழைய நீராவி எஞ்சினை, சனங்கள் ஏறிப் பார்க்கட்டுமென்று இரண்டு பெட்டியோடு ஓட்டினார்கள். எல்லோரும் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்கள். எல்லோருக்கும் கிடைத்தது ஒரு கறுப்புக் குழியும் ஒரு வெள்ளைப் பந்தும். ஆனந்தபாய் எஞ்சினை மேலும் கீழும் பார்த்தாள். கறுகறுவென்று எண்ணெய் தேய்த்த உடம்பு, பக்கத்தில் வெளுவெளுவென்று ஆவி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினாறு வருஷமாகச் சபையில் ஆல்டர் முன்னால் நிறுத்தி எடுத்த அதே ஜோடிதானே இது! பக்கவாட்டில் நகர்ந்து, வெளிச்சத்தை அளந்து, எஞ்சின் மூச்சு விடும்வரை காத்து ஒரு படம் எடுத்தாள். எஞ்சினில் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது. ஆவியில் ஒவ்வொரு சுருளும் தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்தது அந்தக் கிறுக்கு. அதற்குப் பிறகு எந்த ஊரில் எந்தப் பழைய எஞ்சினைப் பெரிய லைனில் உல்லாசப் பயணத்துக்கு இறக்கினாலும், ஃபோனில் எஞ்சின் படம் எடுக்கிற குழுக்காரர்கள் சொன்ன உடனே அவள் பையைத் தூக்கிவிடுவாள். எறணாகுளம், சென்னை, ஒரு தடவை டெல்லிக்கும் அப்பால். வேலியோரத்தில் முள்ளுக்குள் நிற்பாள். கூட நிற்பதெல்லாம் ஆண்கள். ஊருக்குப் போதாதா அது?

அவர்களில் ஒருத்தர் நெய்யாற்றின்கரை தாணுமாலயன். சர்க்கார் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. மடக்கு ஸ்டூலும் வீடியோ கேமராவுமாக வருவார். இவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவர்களுக்குத் தெரியாதது, அவர் மனைவி பகவதி இட்லி கட்டும்போதே ஆனந்தபாய்க்கும் சேர்த்து இரண்டு பொதியாகத்தான் கட்டுவாள் என்பது.

பேச்சுக்கு முன்னணி ராஜதாஸின் தங்கை செல்லபாய். ஜெயதாஸ் வீட்டுக்கு எதிர்வீடு ராஜதாஸ் வீடு, அங்கேதான் செல்லபாயும் இருந்தாள். கேட்டில் கை ஊன்றி நின்றுகொண்டு கேட்பாள்.

"பிள்ளே, மாப்பிள்ளை கறுப்பு எண்ணு சொல்லி ரெண்டு சம்பந்தத்தை வேண்டாம் எண்ணவ, இப்போ கறுப்பு எஞ்சினுக்க பொறத்தாலே நடக்கியே, இதென்ன பிராந்து, கிறுக்கா?"

"எஞ்சினும் கறுப்புதான் மாமி. ஆனா நான் எங்க நிக்கணும், எங்க இருக்கணும் எண்ணு அது சொல்லாது."

இந்த மாதிரிப் பதிலை யார் மறப்பார்கள்? செல்லபாய் மறக்கவில்லை.

இந்த வருஷம் ஜனவரியில் சேதி வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு நாள், ஒரே ஒரு தடவை, நீராவி எஞ்சின் வருகிறது. நம்முடைய லைனில்! திரும்பும்போது நெருப்பை அணைத்து, மின்சார எஞ்சினுக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போய்விடுவார்கள். ஊரூராகப் போய் மற்றவர்களுடைய பாலத்தையும் வயலையும் எடுத்தவளுக்கு, சொந்த மண்ணில் எஞ்சின். ஆனந்தபாய் அன்றைக்குச் சோறு இறங்காமல் நடந்தாள் என்று அண்ணன் மனைவி, மைனி ஷாலு சொல்லுவாள்.

தனுவச்சபுரம் தாண்டிச் செம்மண் வெட்டி இறக்கின இடத்தில் லைன் ஒரு வளைவு வளையும். வேலிக்கு வெளியே மேட்டில் ஏறி நின்றால் எஞ்சினின் முகம் நேராகத் தெரியும். மின்கம்பி கட்டிய தூண் ஒன்று இடைஞ்சல், ஆனால் இரண்டடி இடது பக்கம் நகர்ந்தால் ஒரு பலாமரம் அதை மறைத்துக்கொள்ளும். அந்த இரண்டடியைக் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு நாள் காலையில் அங்கே போய்ப் பாசஞ்சர் வண்டியை எடுத்துப் பார்த்தாள். பத்தரை மணி வரைக்கும் வெயில் எஞ்சின் முகத்தில் அடிக்கும். அதற்குமேல் வெயில் தலைக்கு ஏறிவிடும், முகம் இருண்டுவிடும். எஞ்சின் அங்கே வருகிற நேரம் பத்தேகால்.

எஞ்சின் வருவதற்கு முந்தின நாள் ராஜதாஸ் இறந்து போனார். எண்பத்தெட்டு வயது, நல்ல சாவு. மூத்த மகன் ஜிஜின் குவைத்தில். மறுநாள் மூன்று மணிக்கு அடக்கம் என்று முடிவு செய்தார்கள்.

இந்தப் பக்கத்துச் சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்று ஒரு படம் எடுக்காமல் பெட்டியைத் தூக்குவது கிடையாது. பிறகு யாரும் பார்க்கிறார்களோ இல்லையோ, எடுக்கத்தான் வேண்டும். மகன் தலைமாட்டில், மகள் அதற்கடுத்து, மருமக்கள் பின்னால், பேரப்பிள்ளைகள் கால்மாட்டில். செல்லபாய் அன்றைக்குச் சாயங்காலமே வந்து சொன்னாள்.

"நாளைக்கு ஒம்பது மணிக்கு படம் மக்கா. ஜிஜின் ஏழு மணிக்கு எறங்கியாச்சுண்ணா எட்டரைக்கு வீட்டுல நிப்பான்."

"ஒம்பதுக்கு நான் நிப்பேன் மாமி. ஒம்பதே முக்காலுக்கு எனக்கு ஒரு வேலை உண்டு, ஒரு மணிக்கூர். அதை இப்பமே சொல்லியாச்சு கேட்டியளா?"

"கேட்டேன், கேட்டேன். செத்த வீட்டுப் படத்துக்கு எவ்வளவு நேரம் ஆவும்?"

இந்தப் பேச்சை யாராவது இப்போது சொல்கிறார்களா? சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் எட்டரைக்கே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு ஆனந்தபாய் போய் நின்றாள். ஸ்டூல் போட்டு, குட்டையானவர்களை முன்னால் இழுத்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் விளக்கு அடிக்காமல் விளக்கைத் திருப்பி எல்லாம் தயாராக ஒருக்கி வைத்தாள். ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. விமானம் பிந்திவிட்டது, ஜிஜின் வெளியே வரவே பத்தாகும் என்று ஃபோன் வந்தது.

"இருக்கவங்களை வச்சு இப்போ ஒண்ணு எடுப்போம். ஜிஜின் வந்த பொறவு இன்னொண்ணு எடுப்போம்" என்றாள் ஆனந்தபாய்.

"தலைமாட்டுல ஆளில்லாத படமா? அது அபசகுனமாக்கும்" என்றாள் செல்லபாய். "நீ அங்க ஒரு பக்கமா இரி. அவன் வந்தா எடுப்பே."

ஒன்பதே முக்கால். ஆனந்தபாய் விளக்கை அணைத்தாள்.

"நான் பெயிட்டு பத்தே முக்காலுக்கு வாறேன் மாமி."

"எங்க? எஞ்சினுக்கா?" செல்லபாயின் குரல் முற்றம் வரைக்கும் போயிற்று. "எனக்க அண்ணன் இஞ்ச பெட்டியில கெடக்காரு, ஒனக்கு எஞ்சினா பெருசு?"

அப்போது ஆனந்தபாய் சொன்ன வார்த்தைதான் இன்றைக்கும் பஸ் ஸ்டாப்பில் புரளுகிறது. "ராஜதாஸ் பெரியப்பா எனக்காக ஒரு மணிக்கூர் கெடப்பாரு மாமி, அவரு என்னை அறிவாரு. வண்டி கெடக்காது." சொன்ன விதம் வேறு, பரப்பின விதம் வேறு. சொல்லும்போது அவள் பெட்டிமேல் கை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். அதைப் பார்த்தவர்கள் உண்டு.

மேட்டில் அவளுடைய இடத்தைத் தாணுமாலயன் ஸ்டூலைப் போட்டுக் காத்து வைத்திருந்தார். கீழே லைனோரம் முழுக்கக் கூட்டம். "அம்மா, மூச்சு வாங்கிக்கோ. அமரவிளை தாண்டியாச்சாம்" என்றார். அவள் செருப்பைக் கழற்றிப் போட்டு மண்ணில் காலை ஊன்றினாள். அந்த இரண்டடி.

முதலில் கூவல் வந்தது. பிறகு பலாமரத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை எழும்பியது. வளைவில் எஞ்சின் முகத்தைத் திருப்பியபோது வெயில் அப்படியே அதன் நெற்றியில் விழுந்தது. கரி தள்ளுகிற ஆள் வெளியே எட்டி, மேட்டில் வெள்ளைச் சேலையோடு நிற்கிறவளைப் பார்த்தான். ஆனந்தபாய் அமுக்கினாள். அவ்வளவுதான். மறுகணம் காற்று மாறி, புகை மேட்டின்மேல் கவிந்து எல்லோரையும் மூடிவிட்டது. புகை விலகியபோது தாணுமாலயன் இருமிக்கொண்டே கேட்டார், "படம் கிட்டியதா?"

"கிட்டிப்போச்சு அண்ணாச்சி" என்றாள். கண் நிறைந்திருந்தது. புகைதான் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் இருக்க அவள் சாவு வீட்டுக்குள் நுழைந்தாள். ஜிஜின் அப்போதும் வரவில்லை. பதினொன்று இருபதுக்குத்தான் வந்தான். அவனை அழவிட்டு, முகம் கழுவச்சொல்லி, தலைமாட்டில் நிறுத்தி அவள் எடுத்த படம்தான் அந்தச் சுவரில் இருக்கிறது. யாருக்கும் ஒரு நிமிஷம்கூட அவளால் பிந்தவில்லை.

ஆனால் வெள்ளைச் சேலையில் தோள் முதல் முந்தி வரைக்கும் கரிப்புள்ளி. ஒரு கிழவி துடைக்கிறேன் என்று தேய்த்து, புள்ளிகள் கோடாகிவிட்டன. "எஞ்சின் கரியோட பிணத்துக்குத் தலைமாட்டுல வந்து நிக்கா பாருங்க" என்று செல்லபாய் சொன்னதை முப்பத்தேழு பேரும் கேட்டார்கள். முப்பத்தேழு வாய் என்றால் பாறசாலை வரைக்கும் போதும்.

படம் எடுக்கச் சொல்லியிருந்த இரண்டு கல்யாணம் அவள் கைவிட்டுப் போயிற்று. அண்ணன் ஜெயதாஸுக்கு அதைவிடப் பெரிய கவலை. சபைக் கமிட்டித் தேர்தலில் நிற்க நினைத்திருந்தார்.

"பதினாறாம் நாள் ஜெபத்துல எழும்பி, தெற்றிப்போச்சு, மன்னிக்கணும் எண்ணு ஒரு வார்த்தை சொல்லு. தீர்ந்துது."

"என்னத்துக்கு அண்ணா?"

"ஊருக்கு வேண்டி."

பதினாறாம் நாள் ஜெபத்தில் ஆளாளுக்கு எழுந்து ராஜதாஸைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார்கள். பிறகு ஆனந்தபாய் எழுந்தாள். செல்லபாய் முந்தியை எடுத்து மன்னிக்கிறதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"பெரியப்பாவுக்க படத்தை நான் நல்லா எடுத்தேன்" என்றாள் ஆனந்தபாய். "எஞ்சினுக்க படத்தையும் நல்லா எடுத்தேன். சொன்ன நேரத்துக்குப் போனேன், சொன்ன நேரத்துக்கு வந்தேன். இதுல மன்னிப்பு கேக்கதுக்கு எனக்க கையில ஒண்ணும் இல்ல." உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பாட்டை யாரும் சரியாகப் பாடவில்லை.

மறுநாள் காலை அவள் அடுக்களையில் புட்டு தின்றுகொண்டிருந்தாள். அண்ணன் வாசற்படியில் நின்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்த வீட்டுல நிக்கணுமெங்கில் அந்தக் கேமரா எஞ்சினைப் பாக்கப்படாது. கல்யாணத்துக்கு எடு, சாவுக்கு எடு. எஞ்சின் வேண்டாம்."

"ரெண்டு கண்ணுல ஒண்ணை மூடிட்டு நிக்கச் சொல்லுதியளா அண்ணா?"

"நான் சொல்லியாச்சு."

ஆனந்தபாய் கோபப்படவில்லை. மிச்சப் புட்டையும் பழத்தைப் பிசைந்து தின்று முடித்தாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். பின்னறைக்குப் போய்க் கேமராவையும் நாலு சேலையையும் பையில் வைத்தாள். மைனி ஷாலு அந்த வெள்ளைச் சேலையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். மூன்று தடவை சோப்பு போட்டு அலசியிருக்கிறாள். புள்ளி போகவில்லை.

"இதை இஞ்சயே போட்டுட்டுப் போ பிள்ளே. அடுக்களைத் துணிக்கு ஆவும்."

"தாருங்க மைனி" என்று வாங்கிய ஆனந்தபாய், கதவைச் சாத்திவிட்டு அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தோளில் கரி, தோளில் கேமராப் பை. முன்னறையில் பேப்பர் வாசித்த அண்ணன் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

எதிர்வீட்டுக் கேட்டில் செல்லபாய் நின்றாள். எப்போதும் நிற்கிற இடம்தான்.

"இந்தக் கோலத்துல எங்க?"

"வாற ஞாயிற்றுக்கிழமை வடக்க ஒரு எஞ்சின் எறங்குது மாமி. பார்த்துட்டு வந்து ஸ்டூடியோவுல இருப்பேன். இனி ராத்தங்கலும் அங்கதான்."

செல்லபாய் கேட்டிலிருந்து கையை எடுத்தாள். அவளுக்குப் பின்னால், திறந்து கிடந்த முன்னறைக் கதவு வழியாக, சுவரில் முப்பத்தேழு தலையும் வெளிச்சமாகத் தெரிந்தன. ஆனந்தபாய் அதை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். கோட்டில் பொத்தானை எண்ணலாம்.

"ஒங்க வீட்டுல இனியும் படம் எடுக்கதுக்கு ஆளு வேணுமெங்கில் படியேறி வாங்க மாமி" என்றாள். "ஒம்பது மணி எண்ணா ஒம்பது மணிக்கு ஆளை நிறுத்தி வையுங்க."

பையைத் தோள் மாற்றிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள்.