நெற்றிக்கு ஏறிய கண்ணாடி

தருமபுரியில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர்களில் என் பொறுமையை அதிகம் சோதித்தவர் ஒரு ஸ்னூக்கர் ஆட்டக்காரர். மேசைமேல் குனிந்து, கோலால் பந்தைக் குழியில் தள்ளும் ஆட்டம் அது. ஆடுவதும் ஆடக் கற்றுக்கொடுப்பதும்தான் அவர் தொழில். ஊர் காரிமங்கலம். நாற்பது வயது, ஒல்லியான உடம்பு, வெயிலிலும் கையில்லாத கறுப்புக் கோட்டு.

எந்தக் கண்ணாடியைக் கொடுத்தாலும் நிமிர்ந்து நின்று பார்க்கமாட்டார். குனிந்து, என் மேசைமேல் முகவாயை வைத்து, எதிர்ச்சுவரின் எழுத்துப் பலகையை வெறிப்பார். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று காத்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள்.

“குனிஞ்சா மேல் விளிம்பு பந்த மறைக்குதுங்க. இன்னும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க.”

நான்கு முறை மாற்றிக் கொடுத்தேன். ஐந்தாம் முறை கத்திவிட்டேன்.

“ஏங்க, ஊர்ல எல்லாரும் மூக்கு மேல போடறாங்க. நீங்க நெத்தி மேல கேக்கறீங்களே!”

“மாநிலப் போட்டிங்க. இந்த வயசுல இன்னொரு தடவ கூப்புட மாட்டாங்க” என்றார், முகவாயை எடுக்காமலே.

வீம்புக்கு, லென்ஸ் புருவத்தைத் தாண்டி நிற்கும்படி ஒன்று செய்தேன். பார்க்கக் கோமாளி மாதிரி இருந்தார். அதையே போட்டுக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினார்.

போட்டி முடிந்த மறுநாள் வந்தார். முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டாராம். மறுபடியுமா என்று எரிச்சலோடு கை நீட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“மாத்த வேண்டாங்க. பந்து அவ்வளவு தெளிவா தெரிஞ்சுதுங்க. இத்தன வருசமா கண்ணு மேல பழி போட்டுட்டு இருந்தேன். கைதாங்க சரியில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

இதைச் சொல்லவா காரிமங்கலத்திலிருந்து ஒருவர் பஸ் பிடித்து வருவார்? திட்டவும் முடியாமல், தேற்றவும் தெரியாமல், அந்தக் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.